ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் சஸ்பென்ஷனை வீட்டிலேயே பிரித்துக் கட்டுவது எப்படி?

மதுரையில் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படியில்லை. பழைய வக்கீல் வீடு, டாக்டர் வீடு என்று விசாரித்துப் போனால் எங்காவது ஒரு தகரக் கொட்டகைக்குள் தார்ப்பாய் போர்த்தி ஒன்று நிற்கும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த அந்த வண்டிக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பூர்வீகம் ஒன்றுதான். 1959-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் சேசிஸை அடிப்படையாக வைத்து, அதைக் குட்டையாக்கி, மேலே இரண்டு சீட்டு பாடியை ஏற்றியதுதான் 1962-இன் ஸ்பிட்ஃபயர். முன் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைப் பிடித்துக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்பு, இரண்டிலும் ஒன்றே. லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் கார்கூட இதே ஹெரால்டு வெர்ட்டிகல் லிங்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு) வாங்கிப் போட்டுக்கொண்டுதான் ஓடியது. ஆகவே கீழே சொல்வது ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பொருந்தும். 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கசெல் வைத்திருப்பவர்கள் முன்பகுதியை மட்டும் படியுங்கள். அதன் பின் ஆக்ஸில் வேறு வகை.

முதல்முறை கை வைப்பவருக்கு இதைவிட வசதியான கார் கிடைக்காது. பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும். பக்கவாட்டில் மட்கார்டு என்று எதுவும் மிஞ்சாது. முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பிரிப்பதற்குப் பெரிய பலமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. எதை எந்த நிலையில் இறுக்குவது, எதற்கு எந்த எண்ணெய் என்ற இரண்டு விஷயத்தில்தான் முக்கால்வாசி வண்டிகள் கெட்டுப்போகின்றன.

ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை. சேசிஸின் இரண்டு முதன்மைச் சட்டங்களையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று சத்தம் வந்தால் சரி. மொத்தென்று கேட்டால், அல்லது ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால், முதல் வேலை வெல்டிங் பட்டறையில்தான். துருப்பிடித்த சேசிஸில் புது புஷ் (மூட்டுகளுக்குள் இருக்கும் ரப்பர் உருளை) போடுவது வீண் செலவு.

கருவியும் சாமானும்

இந்த வண்டியில் மில்லிமீட்டர் ஸ்பேனர் செல்லாது. எல்லாம் அங்குலக் கணக்கு. பட்டறைப் பேச்சில் சொன்னால் மூணரை நூல், நாலு நூல், நாலரை நூல், ஆறு நூல் ஸ்பேனர்கள். அதாவது 7/16, 1/2, 9/16, 3/4 அங்குலம். ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும் இந்த அளவுகளில் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நாலு நூல் போல்ட்டில் உட்காருவதுபோல் தெரியும். அந்த ஆசையில் இறங்காதீர்கள். பல ஆண்டு துருவில் இறுகிய போல்ட்டின் முனை மழுங்கிப்போக அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

இவற்றோடு ஒரு டார்க் ரெஞ்ச் (அளந்து இறுக்கும் ஸ்பேனர்), இரண்டு நல்ல சுத்தியல், வைஸ், ட்ராலி ஜாக்கி, குறைந்தது நான்கு ஜாக்கி ஸ்டாண்டு, வயர் பிரஷ், உப்புத்தாள், மண்ணெண்ணெய், காட்டன் வேஸ்ட், ஒரு ஆக்சா பிளேடு. கிரீஸ் கன் இரண்டு வேண்டும். ஒன்று கிரீஸுக்கு, இன்னொன்று எண்ணெய்க்கு மட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலும் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்குவது என்ற அளவு அதில் இருக்கிறது. அனுபவசாலியின் கை அதற்கு மாற்றாகாது.

சாமான்களில், மேல் பால் ஜாயிண்ட், ட்ரனியன் (வெர்ட்டிகல் லிங்க்கின் அடி மூட்டு), விஷ்போன் (சக்கரப் பகுதியைச் சேசிஸோடு இணைக்கும் கை) புஷ், டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு) ஆகிய நான்கையும் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதே நல்லது. ஸ்பிட்ஃபயருக்கு அங்கே இன்றும் உதிரிபாகம் தயாராகிறது என்பதால் ஹெரால்டுக்காரர்களுக்கு அது கொடுப்பினை. சுங்க வரியையும் தபால் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஒவ்வொன்றாக வாங்காமல் ஒரே பார்சலாக வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஸ்டாக் அகப்படும். அதில் உலோகச் சாமானை நம்பி வாங்கலாம். ரப்பரை வாங்காதீர்கள். பல ஆண்டு டப்பாவில் கிடந்த ரப்பர் புதுசுபோல் பளபளக்கும், நகத்தால் அழுத்தினால் வெடித்திருப்பது தெரியும்.

தூக்கி நிறுத்துவது

மண் தரை கூடாது. ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும். அது நமக்குத் தெரியும்போது நாம் வண்டிக்கு அடியில் இருப்போம். சித்திரை, வைகாசியில் தார்த் தளமும் இளகி இதே வேலையைச் செய்யும். சிமெண்ட் தளம்தான் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான இரும்புத் தகடு போடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அவை உடைவதற்கு முன் அறிகுறி காட்டாது.

வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்குங்கள். ஸ்டாண்டு முதன்மைச் சட்டத்துக்கு அடியில் நிற்க வேண்டும். ஹெரால்டில் பக்கவாட்டில் நீளும் கைகள் ஜாக்கி வைக்க வாகாகத் தெரியும். ஆனால் துரு முதலில் தின்பது அவற்றைத்தான். தூக்கியபின் வண்டியை ஒரு முறை நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

முந்தின நாள் மாலையே எல்லா நட்டு, போல்ட்டுகளையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயோ டீசலோ விட்டுவைத்திருந்தால் பாதித் தலைவலி குறையும்.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும். செல்போனில் எடுத்த படத்தைவிட அது நம்பகமானது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பிரித்துப் பரப்பிவிட்டு, பிறகு வேலைக்கு ஆள் தேடும் வண்டிகள்தான் கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

முன்பக்கத்தைப் பிரித்தல்

சக்கரத்தைக் கழற்றியதும் டை ராடு எண்டிலிருந்து தொடங்குங்கள். அதன் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். பின்னால் அலைன்மெண்ட் கடைவரை வண்டியை நேராக ஓட்டிச்செல்ல இதுதான் உதவும். எண்டை விடுவிக்க ஆப்பு அடிக்க வேண்டாம், ரப்பர் உறை கிழியும். நட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனத்த சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் மற்றொன்றால் ஓங்கி ஒரே அடி. இரண்டு மூன்று அடியில் டப்பென்று விட்டுவிடும்.

அடுத்து, வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் இணைப்பு. இதை மட்டும் இரண்டு பக்கமும் விடுவித்துவிடுங்கள். ஒரு பக்கம் பிடித்திருந்தால் மறுபக்க விஷ்போன் சொன்னபடி இறங்காது.

பிரேக் டிரம்மோ டிஸ்க்கோ, ஹோஸைக் கழற்றாமல் பிரேக் பகுதியை ஒதுக்கி வைக்க முடிந்தால் நல்லது. கட்டுக்கம்பியால் சேசிஸில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸிலேயே தொங்க விட்டால் உள்ளே ரப்பர் பிளந்துகொள்ளும், வெளியே எதுவும் தெரியாது.

இனி காயில் ஸ்பிரிங். புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத்தான் வேண்டும், ஆனால் சரியான இடத்தில். இந்த வண்டியில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங்கை விரியவிடாமல் பிடித்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். ஆகவே மேலே தகட்டில் உள்ள மூன்று நட்டையும், கீழே விஷ்போனில் உள்ள ஒரு போல்ட்டையும் எடுத்தால் முழு செட்டும் சாதுவாகக் கையில் வந்துவிடும். அந்த மூன்று நட்டுக்கு நடுவே ஒற்றையாக ஒரு நட்டு இருக்கும். அதைத் தொடவே கூடாது. ஸ்பிரிங்கின் மொத்த விசையும் அதன் தலையில்தான் இருக்கிறது. ஷாக் அப்சார்பரை மாற்றுவதானால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டு பக்கமும் மாட்டி, ஸ்பிரிங் தளர்ந்து கையால் ஆட்ட முடிகிற நிலை வந்தபிறகுதான் அந்த நட்டு. கம்ப்ரஸர் இல்லாவிட்டால் செட்டை அப்படியே ஒரு நல்ல பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கயிறு கட்டி, சங்கிலி சுற்றிச் செய்கிற வித்தையெல்லாம் வேண்டாம்.

இதன்பின் மேல் பால் ஜாயிண்ட், விஷ்போனில் இரண்டு போல்ட். பிறகு கீழே ட்ரனியனைக் கீழ் விஷ்போனோடு பிடித்திருக்கும் நீண்ட போல்ட். இந்த ஒரு போல்ட்தான் நாள் முழுக்க வேலை வைக்கும். உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். நட்டை எடுத்துவிட்டு, போல்ட் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி அசையவைக்கப் பாருங்கள். அசைந்தால், எண்ணெய் விட்டுக்கொண்டே திருப்பத் திருப்ப போல்ட் வெளியே வரும். அசையவில்லை என்றால் சுத்தியலால் வெளுத்துப் பயனில்லை, விஷ்போனின் காதுதான் வளையும். ட்ரனியனுக்கும் விஷ்போனுக்கும் நடுவே ஆக்சா பிளேடை விட்டு போல்ட்டை இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். எப்படியும் புது போல்ட்தானே போடப்போகிறோம்.

கீழ் விஷ்போனின் உள்முனை பிராக்கெட்டுகள் சேசிஸில் பொருந்தும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரத்தின் சாய்வை நிர்ணயிப்பவை அவை. எந்த பிராக்கெட்டில் எத்தனை இருந்தது என்று எழுதி, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். கலந்துபோனால் அலைன்மெண்ட் கடையில் அரை நாள்.

ட்ரனியன்

வண்டியில் கவனமாகப் பார்க்க வேண்டிய உறுப்பு ஒன்றே ஒன்று என்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வெர்ட்டிகல் லிங்க் என்பது சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு. அதன் மேல்முனை பால் ஜாயிண்ட்டில் ஆடும். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை வெண்கல ட்ரனியனுக்குள் முறுக்கி இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கும். வண்டியின் முன் எடையும் அதன்மேல்தான். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றிப் போட முடியாது, பலத்தால் முயன்றால் இரண்டும் போய்விடும்.

இதற்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் ஹைப்பாய்டு கியர் ஆயில். கிரீஸ் அல்ல. பட்டறையில் இப்படி ஒரு பேச்சு கட்டாயம் வரும்:

“என்ன தம்பி, கிரீஸ் கன்னுல போய் ஆயிலை ஊத்துறீங்க? கிரீஸ அடிங்க, நல்லா நிக்கும்.”

“நிக்கிறதுதாண்ணே வம்பு. மரைக்குள்ள இறங்கணும்ல. மேனுவல்லயே 90 ஆயில்னுதான் போட்டுருக்கான்.”

அண்ணன் சொல்வதில் வாதம் இல்லாமலில்லை. நிப்பிள் (கிரீஸ் கன்னை மாட்டும் சிறு முனை) இருந்தால் கிரீஸ் என்பது நாற்பது வருடப் பழக்கம். ஆனால் இங்கே கிரீஸ் அடித்தால் அது நுழைவாயிலிலேயே தங்கி, நம் ஊர் வெயிலில் காய்ந்து, எண்ணெய் போகும் வழியையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே மரை உலர்ந்துவிடும். ஐப்பசி மழையில் தேங்கும் தண்ணீரில் வண்டி இறங்கி ஏறும்போது நீர் புகும். எஃகு துருப்பிடிக்கும். துரு வெண்கலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மரை திரும்பாமல் தண்டே முறுக்கு வாங்கும். ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் முறியும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி வண்டி தரையில் உட்காரும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முறுக்கும்போதுதான் தண்டுக்கு முறுக்கு அதிகம். அதனால் வீட்டு வாசலில் முறிந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான்குவழிச் சாலையில் முறிந்தால் கதை வேறு.

ட்ரனியனை முறுக்கிக் கழற்றியதும் தண்டின் மரையை மண்ணெண்ணெயில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மரை பளபளவென்று, முனை மழுங்காமல் இருக்க வேண்டும். குழிக்குழியாகத் துரு தின்றிருந்தால் தண்டு போயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்காதீர்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், மரை முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் டை பெனட்ரன்ட் சோதனை செய்துவிடுவது நல்லது. சிவப்பு ஸ்பிரே அடித்து, துடைத்து, வெள்ளை ஸ்பிரே அடித்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாகத் தெரியும். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் வெல்டிங் சோதிப்பவர்களிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

லேத் பட்டறையில் ட்ரனியனையே கன்மெட்டலில் கடைந்து தருகிறேன் என்பார்கள். செய்யவும் முடியும். மதுரை லேத்காரர்கள் கையில் அந்தத் திறமை உண்டு. ஆனாலும் வேண்டாம். உலோகக் கலவை என்ன, மரையின் பொருத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்க நமக்கு வழியில்லை. சக்கரம் நிற்பதோ அதன்மேல். அதேசமயம் ட்ரனியனுக்குள் போகும் நைலான் புஷ்ஷை நைலான் ராடில் கடைந்து வாங்கலாம், தவறில்லை. தேய்ந்தால் லொடலொடக்கும், அவ்வளவுதான்.

புது ட்ரனியன் வந்ததும் மாட்டுவதற்கு முன் அதற்குள் எண்ணெய் ஊற்றி, ஒரு இரவு காகிதத்தின் மேல் நிறுத்திவையுங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால் அடிமூடி கசிகிறது. மாற்றிக் கேளுங்கள். நனையாவிட்டால் ரப்பர் சீலைப் போட்டு, மரையெல்லாம் எண்ணெய் தடவி, தண்டில் முழுவதும் முறுக்கி ஏற்றுங்கள். அடிவரை போனபின், விஷ்போனுக்கு நேராக வரும்வரை திருப்பி இறக்குங்கள். அது ஒரு சுற்றுக்குள்தான் இருக்கும். இரண்டு பக்கமும் முழு லாக், அதாவது ஸ்டீயரிங் கடைசிவரை, திரும்ப வேண்டும். அடியில் இடித்துக்கொண்டு நின்றால் அதே முறுக்கு மறுபடி தண்டுக்குப் போகும்.

ஆயில் கன்னைப் பொறுத்தவரை, நிப்பிள் இருக்கவேண்டிய இடத்தில் சில வண்டிகளில் வெறும் பிளக் இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் போடுங்கள். மேல் சீலில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். வீட்டுத் தரையில் நாலு சொட்டு விழத்தான் செய்யும்.

புஷ்களும் ரப்பரும்

ரப்பர் மதுரைக்குப் புதிதல்ல. கோச்சடையில் பெல்ட், மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் என்று பெரிய ஆலைகள் உண்டு. சின்ன அளவில் மோல்டிங் செய்து தரும் கூடங்களும் நகரைச் சுற்றி இருக்கின்றன. ஆன்டி ரோல் பார் புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், ஸ்டீயரிங் ராக்கின் ரப்பர் போன்றவற்றுக்கு மாதிரி கொடுத்தால் அங்கே செய்து வாங்கிவிடலாம். கடினம் எவ்வளவு என்று கேட்பார்கள். ஷோர் ஏ கணக்கில் 60-க்கும் 70-க்கும் இடையே என்று சொல்லுங்கள். விஷ்போன் புஷ் மட்டும் அந்த வகை அல்ல. அதில் ரப்பர் உள் குழலோடும் வெளிக் குழலோடும் ஒட்டவைக்கப்பட்டது. அந்த ஒட்டு சரியில்லாவிட்டால் சில மாதங்களிலேயே பிரிந்துவிடும். அதைத் தயாராகவே வாங்குங்கள்.

பாலியூரிதேன் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ரேஸ் ஓட்டுபவர்களுக்குச் சரி. நம் சாலையில், வேகத்தடையும் தோண்டிய பள்ளமுமாக ஓடும் வண்டிக்கு ரப்பரே சுகம். மேலும் பாலியூரிதேனில் தடவும் சிலிக்கான் கிரீஸ் உலர்ந்தால் கதவுக் கீல்போல் கீச்சிடும். வைகைக் கரைப் புழுதியில் அது சீக்கிரமே உலரும்.

பழைய புஷ்ஷை எடுக்க கேஸ் கட்டரால் எரிப்பது சுலபம் போலத் தெரியும். புகையும் நாற்றமும் ஒருபுறம் இருக்க, விஷ்போனின் கண் சூட்டில் கோணிவிடும். வைஸில் வைத்து, ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சிறிய பாக்ஸையும் மறுபக்கம் பெரிய பாக்ஸையும் கொடுத்து இறுக்கினால் நகர்ந்துவிடும். நகராவிட்டால் பிரஸ் உள்ள பட்டறை. புதியதை ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். எண்ணெயும் கிரீஸும் ரப்பருக்கு ஆகாது.

எல்லாவற்றையும் துரு நீக்கி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, கறுப்பு எனாமல் இரண்டு கோட் கொடுங்கள். மரையிலும் புஷ் உட்காரும் கண்ணிலும் பெயிண்ட் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மாட்டுதலும் இறுக்குதலும்

பிரித்ததற்குத் தலைகீழாக மாட்டுங்கள். நைலாக் நட்டுகள் (உள்ளே நைலான் வளையம் உள்ளவை) அத்தனையும் புதிதாகப் போடுங்கள். ஹப்பில் (சக்கரம் மாட்டும் குடத்தில்) உள்ளும் வெளியும் டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். அடியோடு கழுவி, உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தாலோ குழி இருந்தாலோ கிண்ணத்தோடு சேர்த்து மாற்றி, புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்குள் அழுத்தி நிரப்புங்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை லேசாக இறுக்கி, பிறகு ஒரு பட்டை தளர்த்தி, புது காட்டர் பின். பிடித்து ஆட்டினால் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மட்டும் ஆட்டம் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் சூடேறி எரிந்துவிடும்.

இப்போது முக்கியமான இடம். ரப்பர் புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் வண்டி ஸ்டாண்டின்மேல் தொங்கும்போது முழுதாக இறுக்காதீர்கள். நட்டைக் கையால் ஏற்றி, அசையாத அளவுக்கு மட்டும் விடுங்கள். காரணம், புஷ் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு கொடுக்கிறது. விஷ்போன் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் அதுதான் ரப்பருக்குச் சமநிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முழு முறுக்கோடு நிற்கும். ஓடாமல் நிறுத்தியிருந்தாலும் முறுக்கு விடாது. புது புஷ் ஆறு மாதத்தில் கிழிந்தது என்று சொல்லும் பலருக்கு நடந்தது இதுதான். வண்டியும் ஒரு விரல் தூக்கலாகவே நிற்கும், ஸ்பிரிங் சரியில்லை என்று அதையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

சக்கரங்களை மாட்டி, நான்கையும் ஒரே உயரத்துக் கனமான மரக்கட்டைகளின்மேல் நிறுத்துங்கள். முன் சீட்டு இரண்டிலும் ஆள் எடை வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் சீட்டுக்கு இரண்டரை என்று கணக்கு. இரண்டு ஆட்கள் உட்கார்ந்தாலும் சரி, இறங்காமல் இருக்க வேண்டும். பானெட் பக்கம் அமுக்கி அமுக்கி விட்டு வண்டி தன் உயரத்தில் அமர்ந்ததும், மேல் விஷ்போன், கீழ் விஷ்போன், ஆன்டி ரோல் பார் இணைப்பு, ஷாக் அப்சார்பரின் அடிப் போல்ட் எல்லாவற்றையும் மேனுவல் அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இறுக்கிய ஒவ்வொன்றிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டால் விட்டுப்போனது தெரிந்துவிடும்.

பின்பக்கம்

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பின்னால் குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங், பட்டைகளை அடுக்கிய வகை. நடுப்பகுதி டிஃபரன்ஷியலின் தலையில், இரண்டு முனையும் இரண்டு சக்கரங்களுக்கு. சக்கரம் கீழே தொங்கிவிடாமல் பிடித்திருப்பது இங்கேயும் ஷாக் அப்சார்பர்தான். ஆகவே ஜாக்கியால் வெர்ட்டிகல் லிங்க்கை முட்டுக்கொடுத்துத் தூக்காமல் ஷாக் அப்சார்பரின் நட்டில் கை வைக்காதீர்கள். கழற்றியபின் ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங்கின் இறுக்கம் விட்டுவிடும். பிறகு ஸ்பிரிங் முனைப் போல்ட், ரேடியஸ் ஆர்ம், பிரேக், ஹேண்ட் பிரேக் கேபிள், உள்முனையில் நான்கு போல்ட் என்று எடுத்தால் ஷாஃப்ட்டோடு முழுதும் வெளியே வந்துவிடும். ஷாஃப்ட்டின் உள்முனை மூட்டான யூ.ஜே. கிராஸில் ஆட்டம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஹப்பை ஷாஃப்ட்டிலிருந்து பிரிப்பதை மட்டும் வீட்டில் முயல வேண்டாம். அது டேப்பரில் இறுகியிருக்கும். சாதாரண புல்லர் வளைந்துவிடும். பேரிங் சத்தமில்லாமல் சுற்றினால் அதை அப்படியே விடுவதே புத்திசாலித்தனம்.

ஸ்பிரிங்கை இறக்கும் முன் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பெயிண்ட்டால் குறியிடுங்கள். பட்டைகள் தொய்ந்திருந்தால் லாரி ஸ்பிரிங் பட்டறையில் வளைவு ஏற்றித் தருவார்கள். அங்கேதான் ஒரு கண்டம். “ரோடெல்லாம் பள்ளம் சார், ரெண்டு விரல் சேத்தே தூக்கி விட்டுர்றேன்” என்பார்கள். லாரிக்கும் அம்பாஸடருக்கும் அது சரி. இந்த வண்டியின் பின் ஷாஃப்ட்டுகளுக்கு உள்முனையில் மட்டுமே மூட்டு. உடம்பு உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டு, மேல்பகுதி வெளியே விரியும். வளைவில் வேகமாகப் போய், பயத்தில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பி வெளிச் சக்கரம் அடியில் மடங்கும். வண்டி சுழலும். இங்கிலாந்திலேயே இந்தக் குறை பேசப்பட்டு, 1970-இன் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் ஸ்பிரிங் அமைப்பையே மாற்றினார்கள். ஆகவே பழைய வளைவுக்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆள் ஏறிய நிலையில் பின் சக்கரங்கள் நேராகவோ, மேல்பகுதி லேசாக உள்ளே சாய்ந்தோ நிற்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பர் புஷ், ரேடியஸ் ஆர்ம் புஷ் இவற்றுக்கும் அரிசிச் சிப்ப விதி உண்டு.

ஓட்டிப் பார்ப்பது

டை ராடு எண்டு பழைய மரைக் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள். கம்ப்யூட்டரில் உங்கள் வண்டி இருக்காது. முன் சக்கரங்கள் நேர்கோட்டில் இருக்கலாம், அல்லது அதிகபட்சம் அரை நூல், அதாவது 1/16 அங்குலம், முன்னால் உள்வாங்கியிருக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். டயர் காற்று எப்போதும் பின்னால் முன்னைவிட அதிகம். நாலுக்கும் ஒரே அளவு அடிக்கும் வழக்கம் இந்த வண்டிக்கு ஒத்துவராது.

முதலில் தெருவுக்குள், முழு லாக் இரண்டு பக்கமும் திருப்பி. பிறகு அழகர்கோவில் சாலையில் காலை நேரத்தில், கையை லேசாக விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் பிரேக் ஒட்டுகிறதா, ஹப் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபிறகுதான் அலைன்மெண்ட்டைக் குறைசொல்ல வேண்டும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்ததும் கை பரபரக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடி, எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்த்தபிறகு அங்கே போங்கள். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரில் கால் லேசாக இருக்கட்டும்.

ட்ரனியனுக்கு எண்ணெய், மேனுவல் கணக்கு எதுவாக இருந்தாலும், புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் அடியுங்கள். அடிக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். பழைய கறுப்பு எண்ணெய் வெளியேறி, புதிது தெளிவாக எட்டிப் பார்க்கும்வரை.